கொதிக்க வைச்சது ரேடியேட்டர் இல்லை, காத்து

பழைய பெட்ஃபோர்ட் லொறி, உள்ளே இசுசு 4பிடி1 டீசல் இஞ்சின். சும்மா நிண்டால் சூடே ஏறாது. கல் ஏத்திக்கொண்டு போனால் ஆனையிறவு வரமுன்னமே சூடு காட்டுற ஊசி சிவப்பில்.

தேர்மோஸ்டாட்டை, அதாவது சூடேறினால் திறந்து தண்ணியை ரேடியேட்டருக்கு விடுற வால்வை, சுடுதண்ணியில் போட்டுப் பாத்தேன், 82 பாகையில் ஒழுங்காய்த் திறந்தது. வாட்டர் பம்பும் சரி. பழைய ரேடியேட்டரின் மேல் தொட்டியைக் கழட்டினால் குழாயெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்பு. எங்கட கிணத்துத் தண்ணிக்கு வேறென்ன நடக்கும். நாலு வரிசைச் செப்புக் கோர் (குழாய்ப் பகுதி) உள்ள புது ரேடியேட்டர் ஒண்டு வாங்கிப் பூட்டியும் கொதி நிக்கேல்லை.

கூலன்ற் (இஞ்சினைக் குளிர்விக்கிற திரவம்) 14 லீற்றர் பிடிக்கவேண்டியது 11 லீற்றரோடை நிரம்பிவிட்டது. இதைத்தான் நான் மூண்டு நாளாய்க் கவனிக்கேல்லை. புது ரேடியேட்டரின் மேல் தொட்டி, தேர்மோஸ்டாட் இருக்கிற கூட்டைவிட ஒரு அங்குலம் பதிவாய் இருந்தது. ஆக உயரமான இடம் இஞ்சினுக்குள்ளே, காத்து அங்கேயே அடைபட்டது.

ரேடியேட்டரைத் தாங்கிற அடிப் பிராக்கெட்டை 2 அங்குலம் உயர்த்தி ஒட்டினேன். கீழே ரெண்டு பக்கமும் ரப்பர் புஷ், மேலே ஸ்டே கம்பி. நேராய் போல்ட் அடிச்சால் சேசிஸ் முறுகேக்கை ரேடியேட்டரின் ஈயப் பத்து வெடிக்கும். விசிறிக்கும் கோருக்கும் இடையில் 1 அங்குலம், விசிறி இதழ் பாதி தகரக் கவசத்துக்குள்ளே. கீழ் ஹோஸுக்குள் கம்பிச் சுருள் கட்டாயம், இல்லாட்டி வேகத்தில் பம்ப் உறிஞ்ச அது சப்பையாகும்.

காத்து வெளியேற தேர்மோஸ்டாட் கூட்டிலுள்ள சென்சரை இளக்கி, குமிழி நிக்கும்வரை கூலன்ற் மெதுவாய் ஊத்தினேன். 14 லீற்றரும் போனது. இப்ப பாரத்தோடை கிளிநொச்சி போனாலும் ஊசி பாதியைத் தாண்டாது.