போதும் என்று குழந்தை சொல்லும்போது நிறுத்துவது எப்படி?

புனே அருகேயுள்ள கிராமங்களில் பிறந்த குழந்தைகளை மருத்துவர் யாஜ்னிக் குழுவினர் 1990-களில் அளந்தபோது, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகள் சராசரியாக 3.5 கிலோ இருக்க, இவர்கள் 2.7 கிலோவே இருந்தார்கள். ஆனால் குறைந்திருந்தது பெரும்பாலும் தசையும் வயிற்று உள்ளுறுப்புகளும்தான், முதுகுத் தோலுக்கடியிலுள்ள கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. இத்தகைய குழந்தையை அவசரமாகக் கொழுகொழுவென ஆக்க முயல்வது, பிற்காலத்தில் உடற்பருமனுக்கும் சர்க்கரை நோய்க்கும் வழிவிடக்கூடும்.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுங்கள். சேனை தொட்டு வைப்பது, தேன், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் வேண்டாம். ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூடத் தேவையில்லை.

கையை வாய்க்குக் கொண்டுபோவதும், தலையைத் திருப்பி மார்பைத் தேடுவதும் பசியின் முதல் அறிகுறிகள். அழுகை கடைசியில்தான் வரும். வயிறு நிறைந்ததும் இறுக மூடியிருந்த விரல்கள் விரியும், உறிஞ்சல் தளரும், முகம் விலகும். சங்கில் மிச்சமிருக்கிறதே என்று அந்த நேரத்தில் உதட்டை விலக்கி ஊற்றுவதைத்தான் நாம் கைவிட வேண்டும், ஏனென்றால் போதும் என்று உணரும் திறனோடு பிறந்த குழந்தைக்கு அதை மறக்கக் கற்றுக்கொடுப்பது அந்தக் கடைசி மடக்குதான். எடை குறைந்தோ குறைமாதத்திலோ பிறந்து, பாலுக்கு எழாமல் தூங்கும் பச்சிளங்குழந்தையை மட்டும் மருத்துவர் சொன்ன இடைவெளியில் எழுப்பியே ஊட்டுங்கள்.

100 மி.லி. தாய்ப்பாலில் ஏறத்தாழ 1 கிராம் புரதம். பசும்பாலில் 3 கிராமுக்கு மேல். ஐந்து ஐரோப்பிய நாடுகளில் நடந்த ஆய்வில், புரதம் மிகுந்த பால்மாவு குடித்த குழந்தைகளிடையே ஆறு வயதில் உடற்பருமன் கூடுதலாக இருந்தது. ஆகவே ஒரு வயதுக்குள் தாய்ப்பாலுக்குப் பதிலாகப் பசும்பாலைக் கொடுக்காதீர்கள். பால்மாவு தேவைப்பட்டால் டப்பாவில் உள்ள கரண்டியைத் தலைதட்டி அளந்து போடுங்கள், கெட்டியாக இருக்கட்டும் என்று கூட்ட வேண்டாம்.

தாய்ப்பால் ஒன்றே எல்லாவற்றையும் காத்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். பெலாரஸில் 17,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்த ஆய்வில், தாய்மார்களை ஊக்குவித்ததால் தாய்ப்பாலூட்டும் காலம் நீண்டும், பதினோரு வயதில் உடற்பருமன் குறையவில்லை. தொற்றிலிருந்து காப்பது உள்ளிட்ட அதன் பிற நன்மைகள் பெரியவை. கொடுக்க இயலாத தாயைக் குற்றவாளியாக்குவதில் நியாயமில்லை.

ஆறு மாதம் முடிந்ததும் குழைந்த சாதம், பருப்பு, மசித்த கீரை, முட்டை என்று தொடங்குங்கள்; சர்க்கரையும் உப்பும் சேர்க்காதீர்கள். மாதந்தோறும் எடையை வளர்ச்சி அட்டையில் குறித்து வாருங்கள்: புள்ளிகள் தம் கோட்டையொட்டி ஏறினால், பக்கத்து வீட்டுக் குழந்தையைவிட மெலிவாகத் தெரிந்தாலும் கூடுதலாகத் திணிக்காதீர்கள், அந்தக் கோட்டிலிருந்து திடீரென மேலே தாவினாலும் கீழே சரிந்தாலும் அட்டையோடு மருத்துவரிடம் செல்லுங்கள்.