பெரிய கேபிளில் லக் பொருத்துதல்: க்ரிம்பிங் டூலைத் தேர்ந்தெடுப்பதும் கையாள்வதும்

மதுரையில் கப்பலூர், கே.புதூர் தொழிற்பேட்டைகளானாலும் மேலூர்ப் பக்கத்துக் கிரானைட் பட்டறைகளானாலும், மோட்டார் சுமை அதிகமுள்ள இடங்களில் பேனல் போர்டுக்கு வருவது பெரும்பாலும் அலுமினிய ஆர்மர்டு (எஃகுக் கவசமிட்ட) கேபிள்தான். அது நடுவழியில் கருகுவது அரிது. கம்பி முனையில் மாட்டி போல்ட்டால் இணைக்கும் உலோகக் குழாயான லக் பொருத்திய முனையில்தான் அடிக்கடி கருகுகிறது. 200 ஆம்பியர் ஓடும் இணைப்பில் 1 மில்லி ஓம் தடை கூடினாலே அங்கே 40 வாட் வெப்பம் உண்டாகிறது. ஒரு சால்டரிங் அயர்னை லக்கின் மேல் இரவும் பகலும் வைத்திருப்பதற்கு இது சமம்.

ஆகவே லக்கைக் கம்பியோடு அழுத்தி இறுக்கும் க்ரிம்பிங் டூலை வாங்கக் கடைக்குப் போகும் முன், கேபிள் உறையில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். கம்பி செம்பா, அலுமினியமா, எத்தனை சதுர மில்லிமீட்டர், வட்ட வடிவமா, செக்டர் (விசிறித் துண்டு போன்ற) வடிவமா என்பது தெளிவான பிறகுதான் லக்கையும், லக்குக்கு ஏற்ற டையையும் (டூலின் வாயில் பொருத்தும் அழுத்து அச்சு), அந்த டையைத் தாங்கும் டூலையும் தீர்மானிக்க முடியும். இந்த வரிசையை மாற்றி, கையில் இருக்கும் டூலுக்குத் தக்கபடி லக்கைத் தேடுவதால்தான் பாதித் தவறுகள் நேர்கின்றன. 3.5 கோர் (மூன்று முழுக் கம்பியும் சிறிய நியூட்ரல் கம்பி ஒன்றும் கொண்ட) 95 சதுர மி.மீ. கேபிளில் நியூட்ரல் 50 சதுர மி.மீ. மட்டுமே என்பதால், அதற்குத் தனி லக்கும் தனி டையும் வேண்டும்.

செம்புக்கும் அலுமினியத்துக்கும் ஒரே டை போதும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது, அது தவறு. ஜெர்மானிய டின் (DIN) 46235 தரப்படி 95 சதுர மி.மீ. செம்பு லக்குக்கு டை எண் 18. அதே அளவு அலுமினிய லக்குக்கு டின் 46329 தரப்படி 22. அலுமினிய லக்கின் குழாய்ச் சுவர் தடிமனாக இருப்பதே காரணம். லக்கின் மேல் டை எண் பொறித்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். இல்லையெனில் லக் தயாரிப்பாளரின் அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். அட்டவணை தர முடியாதவரிடம் லக் வாங்காமலிருப்பதே நல்லது.

டூலைப் பொறுத்தவரை, சிறிய அளவுகளுக்கு நீண்ட கைப்பிடி கொண்ட மெக்கானிக்கல் டூல் போதும். 95 சதுர மி.மீ. அளவிலிருந்து ஹைட்ராலிக் டூலையே நான் பரிந்துரைப்பேன், ஏனெனில் கைவலு குறைந்தால் அழுத்தமும் குறைந்துவிடும். முழு அழுத்தம் எட்டியதும் தானாக விடுவிக்கும் வால்வு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். நெருக்கடியான பேனலுக்குள் வாய் திறந்த 'சி' வடிவத் தலை வசதியானது. ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டுமே தேவைப்படுவோர், மலிவான டூலை வாங்குவதைவிட நல்ல டூலை வாடகைக்கு எடுப்பது மேல்.

வேலையைத் தொடங்கும் முன் மெயினை அணைத்துப் பூட்டி, டெஸ்டரால் சரிபாருங்கள். ஜெனரேட்டர், சோலார் வழியாகவும் மின்சாரம் திரும்பி வரலாம். லக் குழாயின் ஆழத்தோடு சில மில்லிமீட்டர் சேர்த்து இன்சுலேஷனைச் சீவுங்கள். அழுத்தும்போது அலுமினிய லக் நீளும் என்பதால் இந்த இடைவெளி தேவை. கத்தி கம்பியில் கீறல் போடக் கூடாது. செக்டர் வடிவக் கம்பியை முதலில் ரவுண்டிங் டையில் வைத்து வட்டமாக்குங்கள்.

அலுமினியத்தைச் சீவியதும் காற்றுப் பட்டு அதன் மேல் மின்சாரம் பாயாத ஆக்சைடு படலம் உடனே படிந்துவிடும். கம்பி பிரஷால் பளபளக்கும்வரை தேய்த்து, தாமதிக்காமல், ஆக்சைடு மீண்டும் படியாமல் தடுக்கும் ஜாயின்டிங் காம்பவுண்ட் பூசி, லக்கைக் கடைசிவரை செருகுங்கள். லக்கில் பார்வைத் துளை இருந்தால் அதன் வழியே கம்பி தெரிய வேண்டும். நுழையவில்லை என்று இழைகளை வெட்டிக் குறைப்பதும், லக் பெரிது என்று கம்பியை மடித்துத் திணிப்பதும் ஒருபோதும் கூடாது.

முதல் அழுத்தத்தை போல்ட் துளைப் பக்கம் தொடங்கி, கேபிள் பக்கம் நகருங்கள். இரு கேபிள்களை இணைக்கும் ஸ்லீவானால் நடுவிலிருந்து வெளிநோக்கிப் போக வேண்டும். ஒவ்வொரு அழுத்தத்திலும் வால்வு விடுவிக்கும்வரை நிறுத்தாதீர்கள். ஹைட்ராலிக் ஹோஸில் கசிவு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்க வேண்டாம். ஏறத்தாழ 700 பாரில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

அழுத்திய பின் இரு பக்கமும் மெல்லிய இறக்கை போல உலோகம் பிதுங்கியிருந்தால் டை சிறியது; லக் ஆடினால் டை பெரியது. இரண்டிலும் அரத்தால் ராவிச் சமாளிக்காமல், வெட்டி எறிந்து புது லக் போடுங்கள்.

பேனலுக்குள் மின்சாரத்தைப் பகிரும் செம்புப் பட்டையான பஸ்பாரில் அலுமினிய லக்கை நேராக வைத்தால் ஈரம் பட்டதும் அரிப்பு தொடங்கும். ஒரு பக்கம் செம்பும் மறுபக்கம் அலுமினியமுமான பைமெட்டல் லக் அல்லது பைமெட்டல் வாஷர் போடுங்கள். போல்ட்டை டார்க் ரெஞ்சால் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்குங்கள்.

மின்சாரம் தரும் முன்பே ஒவ்வொரு லக்கிலும் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிவையுங்கள். பளபளப்பான உலோகத்தில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வெப்பத்தைக் குறைத்துக் காட்டும்; டேப்பின் மேல் சரியாகக் காட்டும். முழுச் சுமையில் சில மணி நேரம் ஓடிய பின் மூன்று ஃபேஸையும் அளந்து, சுமை சமமாக இருந்தும் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால், மெயினை அணைத்து முதலில் போல்ட்டையும், அது சரியாக இருந்தால் லக்கையும் சந்தேகியுங்கள்.