வேலூர் வெயிலில் அக்ரிலிக் வண்ணம்: ஒரு வெள்ளாட்டை வரையும் முறை

வேலூரில் அக்ரிலிக் வண்ணத்தைக் கையில் எடுப்பவருக்கு முதல் தொல்லை வெயிலால் வருகிறது. சித்திரை மாதத்து நண்பகலில், மின்விசிறி சுழலும் அறையில் தட்டில் பிதுக்கி வைத்த வண்ணம், தூரிகையைக் கழுவிவிட்டு நிமிர்வதற்குள் பாலின் மேல் ஆடை படிவதுபோல் இறுகத் தொடங்கிவிடும். ஆறு ஆண்டுகளாக அலுவலக நேரம் போக மீதி நேரத்தில் ஆடு, மாடு, பறவை, குன்று என்று வரைந்துவருகிறேன். முதல் ஆண்டு முழுவதும் இந்த வேகத்தை எண்ணி வருந்தினேன். விலங்குகளின் உரோமத்தை அடுக்கடுக்காக வரையத் தொடங்கிய பிறகுதான், ஓர் அடுக்கு ஐந்து நிமிடத்தில் காய்ந்து அடுத்த அடுக்கைத் தாங்கத் தயாராகிவிடுவது எவ்வளவு பெரிய உதவி என்பது புரிந்தது. ஒரு வெள்ளாட்டின் முகத்தை எடுத்துக்கொண்டு, அந்த உதவியைப் பயன்படுத்தும் முறையை இங்கே விளக்குகிறேன்.

அக்ரிலிக் வண்ணம் என்பது நிறத்தூளும் அக்ரிலிக் பிசினும் நீரும் கலந்த குழம்பு. நீர் ஆவியானதும் பிசின் துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து ஏடாகிவிடுகின்றன. அந்த ஏடு மீண்டும் தண்ணீரில் கரையாது. ஈரமாக இருக்கும்போது பால்போல் வெளுத்திருக்கும் பிசின், காய்ந்ததும் தெளிந்துவிடுவதால், நாம் கலந்த நிறம் காய்ந்த பிறகு சற்றுக் கருமையாகத் தெரியும். ஆகவே, கலந்த நிறத்தை முதலில் ஒரு துண்டுத் தாளில் தீற்றிக் காயவிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். குறிப்பாகத் தோல் நிறங்களையும் சாம்பல் நிறங்களையும் இப்படிச் சோதிக்காமல் படத்தில் இட வேண்டாம்.

தட்டில் வண்ணம் காயாமல் காக்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. மூடியுள்ள அகலமான பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் பழைய வேட்டித் துணியை நான்காக மடித்து விரித்து, தண்ணீர் தேங்காத அளவுக்கு நனைத்து, அதன் மேல் பேக்கரிகளில் தட்டுகளில் விரிக்கும் பட்டர் பேப்பரை ஒட்டினாற்போல் வையுங்கள். வண்ணத்தை அந்தத் தாளின் மேல் பிதுக்கினால், துணியின் ஈரம் கீழிருந்து கசிந்துகொண்டே இருக்கும். வேலை முடிந்ததும் மூடி வைத்தால் மறுநாளும் வண்ணம் பதமாக இருக்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை துணியை அலசிப் போடாவிட்டால் பூஞ்சை பிடித்து நாற்றம் வரும்.

நிறங்கள் ஆறு போதும்: அல்ட்ராமரின் நீலம், தேலோ நீலம், பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), எல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), லெமன் எல்லோ, டைட்டானியம் வெள்ளை. கறுப்பு டியூப் வாங்காமல் இருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் ஏறத்தாழச் சம அளவில் சேர்ந்தால் ஆழமான கருமை கிடைக்கும். நீலம் கூடினால் குளிர்ந்த கருமை, சியன்னா கூடினால் வெதுவெதுப்பான கருமை. கருநிற ஆட்டை வெயிலில் நிறுத்திப் பாருங்கள்: முதுகின் மேல் விழும் ஒளியில் வானத்தின் நீலமும், வயிற்றின் அடியில் செம்மண்ணின் சாயலும் தெரியும். டியூபிலிருந்து எடுத்த கறுப்பில் இவை இரண்டும் கிடைப்பதில்லை. தூரிகைகளில் அரை அங்குலத் தட்டைத் தூரிகை ஒன்றும், தட்டையாக, நுனி மட்டும் அரைவட்டமாக இருக்கும் ஃபில்பர்ட் ஒன்றும், நீண்ட மெல்லிய ரிக்கர் ஒன்றும் வாங்குங்கள். முடி பிரிந்துபோன பழைய தட்டைத் தூரிகையைத் தூக்கி எறிய வேண்டாம், அதற்குத்தான் பெரிய வேலை காத்திருக்கிறது.

தூரிகையைத் தொடுவதற்கு முன்னால் ஆட்டைப் பார்க்க வேண்டும். பாகாயம் பக்கத்தில் எங்கள் தெருவின் கோடியில் ஓர் அம்மா நான்கைந்து ஆடுகள் வளர்க்கிறார். காலை ஆறரை மணிக்கு, அவை மேய்ச்சலுக்குக் கிளம்பும் முன், சிறு நோட்டுப் புத்தகத்துடன் அங்கே போய் நிற்பது என் வழக்கம். ஒருநாள் என் படத்தை எட்டிப் பார்த்த அவர், “சார், காது கண்ணை ஒட்டி வந்துட்டுது பாருங்க. கண்ணுக்குப் பின்னால மூணு விரக்கடை தள்ளிதான் காது எறங்கும்” என்றார். அருகில் போய் விரல்களை வைத்துப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. அன்றிலிருந்து மூக்கின் நுனி, கண், காது அடி, கொம்பு அடி ஆகிய நான்கு புள்ளிகளின் இடைவெளியை முதலில் குறித்துக்கொண்ட பிறகுதான் மற்றக் கோடுகளைப் போடுகிறேன். புகைப்படம் எடுத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் கைப்பேசியை முகத்துக்கு மிக அருகில் பிடித்து எடுத்தால் மூக்கு பெருத்தும் காது சிறுத்தும் பதிவாகும். நான்கைந்து அடி தள்ளி நின்று எடுங்கள்.

பத்துக்குப் பன்னிரண்டு அங்குலக் கேன்வாஸ் தொடக்கத்துக்குப் போதுமானது. ஜெஸ்ஸோ எனப்படும் வெள்ளை அடிப்பூச்சு பூசாததாக இருந்தால், அதை ஒன்றன் மேல் ஒன்றாகக் குறுக்கும் நெடுக்குமாய் இரண்டு கை பூசிக் காயவிடுங்கள். பிறகு நீர்த்த பர்ன்ட் சியன்னாவைப் பரப்பு முழுவதும் தடவி, வெண்மையைப் போக்குங்கள். வெள்ளைப் பரப்பில் எந்த நிறமும் கருமையாகத் தோன்றி நம் கணிப்பைக் குலைத்துவிடும். அந்த மண் நிறத்தின் மேல் ஒளியும் நிழலும் சரியான அளவில் தெரியும். வண்ணத்தை நீர்க்கச் செய்யும்போது பாதிக்கு மேல் தண்ணீர் சேர்க்காமல் இருப்பது நல்லது. சேர்த்தால் பிசினின் பிடிமானம் குறைந்துவிடும்.

பின்னணியை ஆட்டுக்கு முன்பே முடித்துவிடுங்கள். நம் ஊரைச் சுற்றியுள்ள பாறைக் குன்றுகள் இதற்கென்றே அமைந்தவை. அருகிலுள்ள பாறைக்கு வெள்ளையில் ஓக்கரும் மிகச் சிறிது சியன்னாவும்; தொலைவில் தெரியும் ஜவ்வாது மலைத்தொடருக்கு வெள்ளையில் அல்ட்ராமரினும் ஒரு பொட்டு சியன்னாவும். தொலைவு கூடக் கூட நிறம் நீலமாகி, விளிம்பும் மங்க வேண்டும். விளிம்பை மங்கச் செய்ய வண்ணம் ஈரமாக இருக்க வேண்டுமாகையால், இந்த ஒரு கட்டத்தில் மட்டும் மின்விசிறியை நிறுத்திவிட்டு, தெளிப்புக் குப்பியால் நீரைப் பனிபோல் தெளித்துக்கொண்டே வேலை செய்யுங்கள். வேப்பிலையின் கொழுந்துப் பச்சைக்குத் தேலோ நீலமும் லெமன் எல்லோவும் பொருந்தும். புளிய மரத்தின் மங்கிய பச்சைக்கு அல்ட்ராமரினும் ஓக்கரும் போதும்.

இப்போது ஆடு. முடியைப் பற்றி நினைக்காமல், முகத்தை நிழல், நடுத்தரம், வெளிச்சம் என்று மூன்று பெரிய திட்டுகளாக மட்டும் பிரித்துத் தட்டைத் தூரிகையால் நிரப்புங்கள். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் இந்த நிலையிலேயே அது ஆடாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால், எத்தனை ஆயிரம் முடி வரைந்தாலும் பிறகு தெரியப்போவதில்லை. என் முதல் ஆட்டில் இந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டு, நான்கு வாரம் உட்கார்ந்து முகம் முழுவதும் ஒரே நீளத்தில் முடி முடியாக வரைந்தேன். எலும்பின் மேடும் பள்ளமும் அழிந்து முகம் தட்டையாகிவிட்டது.

அடுத்து, ஆட்டைத் தடவிப் பார்த்து, முடி எந்தத் திசையில் படிகிறது என்பதை ஒரு தாளில் அம்புக்குறிகளாகக் குறித்துக்கொள்ளுங்கள். முகத்தில் அது குட்டையாகவும் நெருக்கமாகவும் இருக்கும். கழுத்தில் நீண்டு தளரும். முதுகில் வாலை நோக்கிச் சாயும். முடி பிரிந்த பழைய தூரிகையை நிழலின் நிறத்தில் தோய்த்து, துணியில் ஒற்றி, ஏறக்குறைய உலர்ந்த நிலையில் அம்புகளின் திசையில் இழுத்தால் ஒரே இழுப்பில் இருபது முப்பது முடிகள் விழும். அது காய்ந்ததும் நடுத்தர நிறத்தை மேலே இழுங்கள், கீழ் அடுக்கு இடையிடையே தெரியட்டும். அதுவும் காய்ந்ததும் நீர்த்த சியன்னாவை மேலே மெல்லிய திரையாகப் பூசினால், தனித்தனியாக நின்ற முடிகள் ஒரே தோலில் முளைத்தவையாக இணைந்துவிடும். கடைசியாக ரிக்கர் தூரிகையால், வெளிச்சம் படும் மேட்டிலும் உருவத்தின் விளிம்பிலும் மட்டும், எண்ணினால் ஐம்பதைத் தாண்டாத வெளிர் முடிகள். எண்ணெய் வண்ணத்தில் அடுக்குக்கு அடுக்கு நாள்கணக்கில் காத்திருக்க வேண்டிய இந்த வேலையை, வேலூர் வெயிலில் ஒரே மாலைக்குள் முடித்துவிடலாம். அமிர்தி வன உயிரினப் பூங்காவில் பார்த்த புள்ளிமானையும் இதே முறையில்தான் வரைந்தேன்: வெள்ளைப் புள்ளிகளை வட்டமாக வைக்காமல், முடியின் திசையிலேயே சிறு சிறு கீற்றுகளாக இழுத்ததும், அவை மேலே ஒட்டியவைபோல் தெரியாமல் தோலோடு படிந்தன.

கண்ணுக்குத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஆட்டின் கண்மணி படுக்கைவாட்டில் நீண்ட செவ்வகம். தலையைக் குனிந்து மேயும்போதும் விழி சுழன்று, அந்தச் செவ்வகம் ஏறத்தாழத் தரைக்கு இணையாகவே நிற்கும். முதலில் கண் முழுவதையும் கருமையால் நிரப்பி, ஓக்கரும் லெமன் எல்லோவும் கலந்த தேன் நிறத்தைக் கண்மணியைச் சுற்றி இடுங்கள். கீழ்ப்பாதி வெளிச்சமாகவும், மேல் இமையின் நிழல் விழும் மேல்பகுதி இருளாகவும் இருக்கட்டும். ஒளிப்புள்ளி ஒன்றே ஒன்று, கண்மணியின் மேல் விளிம்பைத் தொட்டாற்போல், வெள்ளையில் துளி நீலம் சேர்த்து. அந்தப் புள்ளியைக் கண்ணின் நட்டநடுவில் வைத்தால் பார்வை பொம்மையின் பார்வையாகிவிடும். கருநிறக் கண்ணோரத்தில் ஈரம் மின்னும் மெல்லிய கோட்டையும் மறக்க வேண்டாம்; ஆடு நம்மைப் பார்ப்பதுபோன்ற உணர்வு பெரும்பாலும் அந்தக் கோட்டினால்தான் வருகிறது.

படம் தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தாலும், வார்னிஷ் பூச இரண்டு வாரமாவது பொறுத்திருங்கள். தூசி அடங்கிய காலை வேளையில், மெல்லியதாக இரண்டு கை பூசினால் போதும்.

அக்ரிலிக் ஏடு சூட்டில் இளகும் இயல்புடையது. இதை அறியாமல், முடித்த இரண்டு படங்களை முகத்தோடு முகம் சேர்த்துப் பரணில் வைத்துவிட்டு, கத்திரி வெயில் கழிந்து எடுத்தபோது அவை ஒட்டிக்கொண்டிருந்தன. பிரிக்கையில் மூன்று வாரம் வரைந்த மீன்கொத்தியின் மார்பு, மற்றப் படத்தோடு பெயர்ந்துபோனது. இப்போது படங்களை நட்டுக்குத்தலாக, இடையில் பட்டர் பேப்பர் விட்டு, தரைத்தளத்து அலமாரியில் வைக்கிறேன். பங்குனி பிறந்ததும் ஒவ்வொன்றையும் எடுத்து, தாள் ஒட்டாமல் பிரிகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு மீண்டும் அடுக்குகிறேன்.