ஒரே ஹேர்பின்னை நம்பி ஜீனைக் குற்றவாளி ஆக்காதீர்கள்

மலேசியாவின் பீடோங் வட்டாரத்துத் தோட்டப் பிள்ளைகள் பலர் இப்போது லென்டிவைரஸ் வைத்து மனித ஜீன்களை அடக்கும் வேலைக்கு வருகிறார்கள். கொண்டை ஊசிபோல் மடங்கி, குறிவைத்த ஜீனை அடக்கும் சிறு ஆர்என்ஏதான் ஹேர்பின் (எஸ்எச்ஆர்என்ஏ); அதைச் செல்லுக்குள் கொண்டுசேர்ப்பது இந்த வைரஸ். குழாயில் பெயர் எழுதுவது, கையுறை மாற்றுவது எல்லாம் முதல் வாரத்திலேயே பழகிவிடும். அதன் பிறகும் தொடரும் தவறுகளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரே ஒரு எஸ்எச்ஆர்என்ஏ

ஒரு மாணவி மைக்ரோஸ்கோப்பை விட்டு ஓடி வந்தாள். "அக்கா, செல்லெல்லாம் செத்துருச்சு! இந்த ஜீன் இல்லாம கேன்சர் செல் பொழைக்காது!" போய்ப் பார்த்தேன். செல்கள் உருண்டு, பிளாஸ்க்கின் அடியை விட்டுக் கழன்று மிதந்தன. புரத அளவைக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் அந்த ஜீனின் புரதப் பட்டை மங்கியிருந்தது.

"வேற ஹேர்பின் போட்டியாம்மா?"

"இல்லக்கா."

போட்டோம். புரதம் அதே அளவுக்குக் குறைந்தது, செல்கள் மட்டும் தளதளவென்று வளர்ந்தன. அவளுடைய ஒரு செமஸ்டர் உழைப்பு அதோடு போயிற்று.

ஹேர்பின்னை செல்லுக்குள் டைசர் என்ற என்சைம் வெட்டும்போது சுமார் 21 எழுத்து நீளத்தில் சிறு ஆர்என்ஏ கிடைக்கிறது. அதன் வழிகாட்டி இழையில் 2 முதல் 8 வரையுள்ள எழுத்துகள்தான் சீட் பகுதி. வேறொரு ஜீனின் எம்ஆர்என்ஏ (புரதம் செய்ய எடுக்கும் நகல்) வால்பகுதியில் இந்த ஏழு எழுத்து பொருந்தினாலே அந்த ஜீனும் அடங்கக்கூடும். ஏழெழுத்துப் பொருத்தம் எங்கும் கிடைக்கும். எந்த ஜீனையும் குறிவைக்காதபடி எழுத்துகளைக் கலைத்த ஹேர்பினை, அதாவது ஸ்கிராம்பிள்ட் கண்ட்ரோலை, ஒப்பிட்டுப் பார்க்கப் போட்டேனே என்பார்கள். அதன் சீட் வேறு, உங்கள் ஹேர்பின்னின் சீட் வேறு. அது எப்படிக் காப்பாற்றும்?

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. மெல்க் என்ற ஜீனை நம்பித்தான் புற்று செல்கள் வாழ்கின்றன என்று ஆர்என்ஏஐ (இப்படிச் சிறு ஆர்என்ஏவால் ஜீனை அடக்கும் முறை) ஆய்வுகள் சொல்லின. அதைத் தடுக்கும் மருந்து என்று ஒன்று நோயாளிகளிடம் சோதனை வரை போனது. 2017இல் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகக் குழு ஜீனையே வெட்டும் கிரிஸ்பர் முறையால் மெல்க்கையே நீக்கியது. செல்கள் வழக்கம்போல் வளர்ந்தன. மெல்க் இல்லாத செல்களையும் அந்த மருந்து கொன்றது.

ஆர்டர் வர நாளாகும் என்று இரண்டாவது ஹேர்பின்னைத் தள்ளிப்போடுபவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. வெவ்வேறு இடத்தைக் குறிவைக்கும் இரண்டு மூன்று ஹேர்பின்களை முதல் நாளே வாங்குங்கள். பிறகு மீட்புச் சோதனை செய்யுங்கள்: ஹேர்பின்னுக்குப் பிடிபடாதபடி எழுத்து மாற்றிய, ஆனால் அதே புரதத்தைத் தரும் ஜீனைத் திருப்பிக் கொடுங்கள். செல் பழைய நிலைக்கு வந்தால் பேசலாம்.

கியூபிசிஆர் மட்டும்

போதாது. அது எம்ஆர்என்ஏவைத்தான் அளக்கும். எம்ஆர்என்ஏ குறைந்த பிறகும் நீண்டநாள் நிலைக்கும் புரதம் அப்படியே இருக்கும்.

அடுத்தவர் பியூரோமைசின் அளவு

வைரஸ் ஏறாத செல்களைக் கொன்று களையும் மருந்து இது. எந்த அளவில் செல் சாகிறது என்று காட்டும் கில் கர்வை ஒவ்வொரு செல் வகைக்கும் புதிதாகப் போடுங்கள்.

டிஎச்5 ஆல்ஃபா

வைரஸ் செய்வதற்கான பிளாஸ்மிட்டை (டிஎன்ஏ வளையத்தை) பெருக்க இந்தப் பாக்டீரியா வகை வேண்டாம். வைரஸ் வரிசையின் இரு முனையிலும் உள்ள எல்டிஆர் பகுதிகள் தங்களுக்குள் மறுசேர்க்கை ஆகி பிளாஸ்மிட் சிதையலாம். எஸ்டிபிஎல்3 வகையை எடுங்கள்.

உருக்கிய வைரஸைத் திரும்ப உறையவைப்பது

ஒவ்வொரு முறையும் டைட்டர் (செல்லுக்குள் நுழையக்கூடிய வைரஸின் அளவு) இறங்கும். சிறு சிறு குழாய்களாகப் பிரித்து மைனஸ் 80இல் வையுங்கள். மாலை இடிமழையில் கரண்ட் போகும் ஊர் இது, ஃப்ரீசர் அலாரம் வேலை செய்கிறதா என்றும் பாருங்கள்.

"பெருகாத வைரஸ்தானே"

பெருகாது, ஆனால் விஎஸ்வி-ஜி என்ற புரதத்தால் உறை போட்ட வைரஸ் மனித செல்லுக்குள் நன்றாகவே நுழையும், குரோமோசோமிலும் போய் உட்காரும். டிபி53 போன்ற கட்டி தடுக்கும் ஜீனைக் குறிவைக்கும் ஹேர்பின் உங்கள் விரலுக்குள் போகவே கூடாது. வைரஸ் வேலை செய்யும் ஹூட்டில் (காற்று வடிகட்டும் பாதுகாப்புப் பெட்டியில்) ஊசியும் கண்ணாடிப் பைப்பெட்டும் இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.