கனத்த கதவுக்குக் கீல் வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பலா, அயினி, தேக்கு என்று குமரி மாவட்டத்தில் இன்றும் தலைவாசலுக்குக் கனமான மரத்தையே விரும்பிப் போடுகிறார்கள். 7 அடி உயரம், மூன்றரை அடி அகலம், ஒன்றரை அங்குலக் கனம் என்றால் ஒற்றைக் கதவே 50 கிலோ பக்கம் வரும். பழைய ஓட்டு வீடுகளின் குடுமிக் கதவில் (கீல் இல்லாமல், மேலும் கீழும் நீட்டிய முனைகள் குழியில் சுழல நிற்பது) இந்த எடை கீழ்க்குடுமி வழியாகப் படியில் இறங்கிவிடும். கீல் கதவில் எடை முழுவதும் பக்கவாட்டில் தொங்குகிறது. கீல் சிறிது, ஸ்க்ரூ குட்டை என்பதைக் கடைக்காரரே சொல்லிவிடுவார். கீல் உட்காரும் இடம் தவறுவதைத்தான் யாரும் சொல்வதில்லை.

டேப்பைப் பார்த்து, பொருத்தைப் பார்க்காமல் விடுவது

புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் ஒரு மனப்பாடக் கணக்கோடு வருகிறார்கள்: மேலிருந்து 4 அங்குலம், கீழிருந்து 6 அங்குலம், நடுவில் சரிபாதி. எந்தக் கதவானாலும் இதே கணக்கு. கதவின் சட்டங்கள் சேரும் பொருத்து எங்கே இருக்கிறது என்று ஒரு தடவைகூடக் குனிந்து பார்ப்பதில்லை. பார்க்கப் பார்க்க எரிச்சல் வரும் தவறு இது.

மேல் குறுக்குச் சட்டம் 5 அங்குலம், அடிச்சட்டம் 9 அங்குலம் என்று வையுங்கள். அவற்றின் நாக்கு (செதுக்கிய முனை) நெட்டுச் சட்டத்தை, அதாவது கதவின் ஓரத்துச் செங்குத்துச் சட்டத்தை, துளைத்து விளிம்புவரை வருகிறது. கீல் உட்காருவதும் அதே விளிம்பில்தான். 4 அங்குலத்தில் தொடங்கும் 5 அங்குலக் கீலின் முதல் ஸ்க்ரூ நேரே நாக்கின் முனையில் இறங்கும். ஸ்க்ரூவின் மரை நாரைக் குறுக்கே கடித்தால்தான் பிடிப்பு. நாக்கு முனையில் இறங்குவதுபோல் நாரின் போக்கிலேயே இறங்கினால் மரத்தைப் பிளந்துகொண்டு போகும், பிடிக்காது. கதவில் அதிக இழுவை வாங்கும் ஸ்க்ரூவும் அதுவேதான்.

மாட்டிய அன்று ஒன்றும் தெரியாது. ஆனி, ஆடிச் சாரலில் நாக்கு முனை ஈரம் குடித்து உப்பும். பங்குனி வெயிலில் சுருங்கும். இரண்டு மழைக்காலம் போதும். தக்கலைப் பக்கம் ஒரு வீட்டில் நடந்தது: மேல் கீலின் முதல் ஸ்க்ரூத் தலை நகக்கனம் வெளியே வந்திருந்தது. பொருத்தில் மயிரிழைபோல் ஒரு கறுப்புக் கோடு. பூட்டுப் பக்க அடிமூலை டைல்ஸில் கால்வட்டமாகக் கீறியிருந்தது. வந்தவர் கதவின் அடியைச் சீவினார். அடுத்த மழையில் மறுபடி உரசியது. இன்னொருவர் மூன்று அங்குல ஸ்க்ரூ ஏற்றினார். அது நாக்கையும் அதை இறுக்கிய ஆப்பையும் பிளந்து, நெட்டுச் சட்டத்தில் ஒரு முழத்துக்கு வெடிப்பு விட்டது. அப்புறம் கதவையே பிரித்து, கணுவில்லாத 7 அடிப் பலாச் சட்டம் தேடிப் புதிதாகப் போட வேண்டியதாயிற்று. மரத்தின் விலையோடு, காய்ந்த மரம் கிடைக்கும்வரை காத்திருந்த மாதங்களும் கணக்கில் சேர்ந்தன.

முறை எளிது. மேல் குறுக்குச் சட்டத்தின் கீழ்விளிம்பைத் தாண்டிய பிறகே மேல் கீல் தொடங்க வேண்டும். அடிச்சட்டத்தின் மேல்விளிம்புக்கு மேலேயே கீழ்க் கீல் முடிய வேண்டும். நடுக் கீலைப் பூட்டுச் சட்டத்துக்கு (பூட்டு உயரத்தில் வரும் நடுக் குறுக்குச் சட்டம்) மேலே தள்ளுங்கள். சரிபாதி என்று பார்த்தால் பெரும்பாலும் அந்தப் பொருத்தின் மேலேயே விழும். மேலே ஏற்றுவதில் இன்னொரு லாபமும் உண்டு: மேல் கீலின் இழுவையில் அதுவும் பங்கெடுக்கும்.

இதைச் சாக்காக வைத்துக் கீல்களை நெருக்கிவிடவும் கூடாது. கதவின் எடையை அகலத்தின் பாதியால் பெருக்கி, மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் உள்ள தூரத்தால் வகுத்தால் மேல் கீலைப் பிடுங்கும் இழுவை தெரியும். 50 கிலோ, 21 அங்குலம், கீல் தூரம் 63 அங்குலம் என்றால் சுமார் 17 கிலோ. தூரம் 48 ஆகக் குறைந்தால் 22 கிலோ. ஆகவே பொருத்தை விட்டு ஓர் அங்குலம் விலகினால் போதும், அதற்குமேல் வேண்டாம்.

கீல் ஊசிகள் ஒரே கோட்டில் இல்லாமல் இருப்பது

மூன்று கீலில் ஒன்று 2 மி.மீ. வெளியே நின்றாலும் கதவு முறுக்கிக்கொண்டு திரும்பும். மேல் கீலிலிருந்து கீழ்க் கீலுக்கு நூல் பிடித்து நடுக் கீலைச் சரிபாருங்கள். முதலில் கீலுக்கு ஒரு ஸ்க்ரூ மட்டும் போட்டு, கதவை மெதுவாக ஆட்டிப் பார்த்த பிறகு மற்றதைப் போடுங்கள். அதுவரை கதவின் அடியில் ஆப்பு இருக்கட்டும்.

பள்ளத்தை ஆழமாகக் கொத்துவது

கீல் இதழின் கனம்தான் பள்ளத்தின் ஆழம். கூடிவிட்டால் கதவு முழுதாக மூடுமுன்பே கீல் பக்க விளிம்பு நிலைச் சட்டத்தில் முட்டி நெம்பும். ஒவ்வொரு தடவை சாத்தும்போதும் ஸ்க்ரூ கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கிக்கொள்ளும். இதழுக்கு அடியில் மைக்கா துண்டு வைத்துச் சரிசெய்யலாம்.

பித்தளை ஸ்க்ரூவை நேரே ஏற்றுவது

தலை முறியும். அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை மெழுகு தடவி ஏற்றிக் கழற்றிய பிறகு பித்தளையைப் போடுங்கள்.

வெயில் காலத்தில் ஒட்டச் சீவுவது

மழையில் மரம் உப்பும். ஆகவே பூட்டுப் பக்கம் 3 மி.மீ. இடைவெளி கட்டாயம்.

பொருத்தின் மேல் ஏற்கெனவே கீல் வைத்தாகிவிட்டதென்றால்

நீள ஸ்க்ரூவைத் தேடாதீர்கள். கதவை இறக்குங்கள். பழைய பள்ளத்தில் அதே மரத்துண்டை, நெட்டுச் சட்டத்தின் நார் ஓடும் திசையிலேயே நார் ஓடும்படி வெட்டி, பசை போட்டு இறுக்குங்கள். ஒரு நாள் காயட்டும். பிறகு பொருத்தைத் தாண்டிப் புதிய பள்ளம் கொத்துங்கள். நிலையிலும் அதே அளவு மாற்ற வேண்டும். அங்கே பழைய பள்ளத்தை அடைக்க மறந்தால் மழைநீர் அதில்தான் தேங்கும்.