திறமையான ஆளை மிரட்டி வேலைக்கு எடுக்க முடியாது

சேலத்தில் கொலுசுப் பட்டறையோ ஜவ்வரிசி மில்லோ சாஃப்ட்வேர் ஆபீஸோ, முதலாளிகள் சொல்லும் குறை ஒன்றுதான்: "நல்ல ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் நிற்பதில்லை." ஊரில் படித்தவர்களுக்குப் பஞ்சமில்லை. அரசு பொறியியல் கல்லூரி 1966 முதல் இங்கேதான் இருக்கிறது. தனியார் கல்லூரிகளும் பாலிடெக்னிக்குகளும் வருடா வருடம் பிள்ளைகளைப் படிக்கவைத்து அனுப்புகின்றன. அவர்களில் கெட்டிக்காரர்கள் பலர் ஓசூருக்கும் கோவைக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறிவிடுகிறார்கள். சம்பளம் ஒரு காரணம்தான். ஆனால் ஆள் எடுக்கும்போதே நாம் காட்டுகிற மிரட்டலைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

முதல் தவறு இன்டர்வியூவிலேயே நடக்கிறது. காலை பத்து மணிக்கு வரச் சொல்லிவிட்டு மதியம் வரை உட்கார வைப்பது, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கம் கேள்வி கேட்பது, "முந்தின வேலையை ஏன் விட்டாய்?" என்று ஸ்டேஷனில் விசாரிப்பதுபோல விசாரிப்பது. கேட்டால், "பிரஷரைத் தாங்குகிறானா என்று பார்க்கிறோம்" என்பார்கள். அதில் தெரிவது வேறு. இரண்டு இடத்தில் வேலை தயாராக இருப்பவர் மரியாதையாக எழுந்து போய்விடுவார். வேறு போக்கிடம் இல்லாதவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். அப்புறம் தலையாட்டியவரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, "சொந்தமாக யோசிக்கவே மாட்டேன் என்கிறான்" என்று வருத்தப்படுகிறோம்.

இது என் அபிப்பிராயம் மட்டும் இல்லை. ஷ்மிட், ஹன்டர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 85 வருட ஆய்வுகளைத் தொகுத்து 1998-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வாய்க்கு வந்ததைக் கேட்கும் இன்டர்வியூவைவிட, வேலையையே கொஞ்சம் செய்யச் சொல்லிப் பார்ப்பதும், எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு மதிப்பெண் போடுவதும் ஆளைச் சரியாகக் காட்டும் என்பது அதில் ஒரு முடிவு. 2022-இல் வேறு ஆய்வாளர்கள் அந்தக் கணக்கைத் திருத்தியபோதும், ஒரே கேள்விகளைக் கேட்கும் முறைதான் பட்டியலில் முதலில் நின்றது. கொலுசு டிசைனர் வேண்டுமா? ஒரு மாடலைக் கையில் கொடுத்து கம்ப்யூட்டரில் வரையச் சொல்லுங்கள். மில்லுக்கு எலெக்ட்ரீஷியன் வேண்டுமா? ஓடாத மோட்டாரைக் காட்டி எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பார் என்று கேளுங்கள். அரை நாள் ஆகும் என்றால் அரை நாள் கூலி கொடுத்துவிடுங்கள். தண்ணீர் கொடுத்து, "தம்பி, அவசரமே இல்லை, நிதானமாகப் பாருங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் உண்மையான கைப்பழக்கம் வெளியே வரும்.

அடுத்தது ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கிப் பீரோவில் பூட்டுவது. இது எனக்குக் கோபம் வரவைக்கிற பழக்கம். மகளின் மார்க் ஷீட்டை அப்படிக் கொடுத்துவிட்டு வரச் சொல்லி எந்தத் தகப்பனும் மனதார அனுப்பமாட்டார். நடுவில் வேலையை விட்டால் இவ்வளவு பணம் தருகிறேன் என்று பாண்டு எழுதி வாங்குவதிலும் பலர் நினைப்பதுபோல் வலு இல்லை. 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவின்படி, எழுதியிருக்கும் தொகை உச்சவரம்புதான். நியாயமான இழப்பீட்டைத்தான் கேட்க முடியும். தறிப் பட்டறைகளிலும் வெள்ளிப் பட்டறைகளிலும் அட்வான்ஸ் கொடுத்து, அது தீரும்வரை ஆளைக் கட்டிப்போடுவது இன்னும் மோசம். 1976-ஆம் வருடக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி அது குற்றம்.

மூன்றாவது தவறில் பயம் நம் பக்கம் இருக்கிறது. வருகிறவர் நம்மைவிட விஷயம் தெரிந்தவராக இருந்தால் மனதில் ஒரு திக் வரும். ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் என்று வைத்துக்கொள்ளுங்கள். செர்ரியை, அதாவது காபிப் பழத்தை, எப்படிக் காயவைத்தால் என்ன சுவை வரும் என்று கற்றுவந்த ஒரு பெண் வேலை கேட்கிறார். அவரை இன்டர்வியூ செய்வது இருபது வருடமாகப் பழத்தின் தோலை உரிக்கும் பல்ப்பர் மெஷின் பக்கமே நின்ற மேனேஜர். "திமிர் பிடித்த பெண், நமக்குச் சரிப்படாது" என்று முதலாளிக்குத் தகவல் போகும். முதலாளி இதை நம்பிவிடக் கூடாது. தன் இடம் பறிபோகும் என்று பயப்படுபவரிடம் தேர்வை ஒப்படைத்தால் தன்னைவிடச் சின்ன ஆளைத்தான் அவர் எடுப்பார்.

இதற்கு மாற்றாக நடந்துகாட்டியவர் இதே ஊர்க்காரர்தான். ஏற்காடு சாலையில் 1935-இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டூடியோவின் முதலாளி டி.ஆர்.சுந்தரம் தானே படங்களை இயக்கத் தெரிந்தவர். அப்படியும் அமெரிக்கரான எல்லிஸ் ஆர்.டங்கனை இயக்க அழைத்தார். கருணாநிதி, கண்ணதாசன் போன்ற இளைஞர்களை எழுத வைத்தார். கண்டிப்புக்குப் பேர்போனவர் அவர். வேலையில் கண்டிப்பு இருக்கட்டும். அது நேரத்தையும் தரத்தையும் பற்றியது. ஆளைச் சிறுமைப்படுத்துவது அதில் சேராது.

மிடுக்காக இங்கிலீஷ் பேசி நம்மையே மிரளவைக்கும் ஆளைத் திறமைசாலி என்று நினைப்பதும் தவறுதான். எடப்பாடியிலிருந்தோ ஆத்தூரிலிருந்தோ வரும் முதல் தலைமுறைப் பட்டதாரி தமிழில் தயங்கித் தயங்கிப் பேசலாம். வேலையைக் கொடுத்துப் பாருங்கள்.

கடைசியாக, புது ஆள் வருவதற்கு முன்பே பழைய மேனேஜரைக் கூப்பிட்டுப் பேசிவிடுங்கள். எதை யார் பார்ப்பார்கள், அவருடைய சம்பளமும் பொறுப்பும் குறையுமா குறையாதா என்பதை முதலாளியே நேரில் சொல்ல வேண்டும். அக்கவுண்டன்ட் வாயிலாகவோ டீக்கடையிலோ அவர் தெரிந்துகொண்டால், புதிதாக வந்தவருக்கு முதல் வாரத்திலேயே ஸ்டோர் ரூம் சாவிகூடக் கிடைக்காது.