படியேறி உங்கள் வலுவை அளப்பது எப்படி?

சக்தி என்பது வேலை செய்யும் ஆற்றல்; வலு என்பது ஒரு செக்கனில் செய்யும் வேலை. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்பவர்களுக்குத் தேயிலைத் தோட்ட லயத்துப் (தொழிலாளர் வரிசைவீட்டுப்) படிக்கட்டே நல்ல ஆய்வுகூடம். தேவை: அளவுநாடா, நிறுத்தற்கடிகாரம், தராசு.

ஒரு படியின் நிலைக்குத்து உயரத்தை அளந்து, படிகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். 15 சென்ரிமீற்றர் உயரமான 40 படிகள் என்றால் 6 மீற்றர். சரிவின் நீளத்தை அளந்துவிடாதீர்கள்; பெரும்பாலான விடைகள் பிழைப்பது இங்கேதான். புவியீர்ப்புக்கு எதிராகச் செய்யும் வேலைக்கு மேலே ஏறிய உயரம் மட்டுமே கணக்கு. சமதரையில் கொழுந்துச் சாக்கைச் சுமந்து நடந்தால் உடல் களைக்கும், ஆனால் புவியீர்ப்புக்கு எதிரான வேலை பூச்சியம்.

தராசு காட்டும் 50 கிலோகிராம் திணிவு. அதைப் புவியீர்ப்பு ஆர்முடுகலால் (ஏறத்தாழ 10) பெருக்கினால்தான் நிறை, 500 நியூற்றன். வேலை 500 × 6 = 3000 யூல். இதை நேரத்தால் வகுத்தால் வலு: 12 செக்கனில் ஏறினால் 250 வாற்று, 30 செக்கனில் ஏறினால் 100 வாற்று. உயரம் ஏறியதால் பெற்ற சக்தி (அழுத்தசக்தி) இரண்டிலும் ஒன்றே. மாறியது வேகம் மட்டும். நேரத்தை நிமிடத்தில் பிரதியிட்டால் விடை 60 மடங்கு பெருத்துவிடும்.

அடுத்து, அதே வலுக் கணக்கை நீர் கொதிக்கவைக்கும் கேத்தலுக்குப் போடுவோம். உயரமான மலைப்பகுதியான நுவரெலியாவில் நீர் ஏறத்தாழ 94 பாகை செல்சியசில் கொதிக்கும். 1 கிலோகிராம் நீரை ஒரு பாகை சூடாக்க 4200 யூல் வேண்டும் என்பதால், 14 பாகையிலுள்ள 1 கிலோகிராம் நீருக்கு 4200 × 80 = 3,36,000 யூல் வேண்டும். 1500 வாற்றுக் கேத்தலுக்கு 224 செக்கன். உண்மையில் இன்னும் நேரமெடுக்கும்: கேத்தலும் சூடாக வேண்டும், குளிர்காற்றுக்கும் வெப்பம் போகும்.